நியூட்ரலின் கனத்தைக் குறைக்காதே



வயரிங் தொழிலுக்கு வந்ததுமே உனக்கு ஒரு கணக்கு சொல்லித் தந்திருப்பார்கள். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஓடாது, ஆகவே அதற்குப் பாதிக் கனம் போதும் என்று. மூன்றரை கோர் கேபிள் அந்தக் கணக்கில் பிறந்ததுதான். குண்டு பல்பும் ஹீட்டரும் சாதாரண மோட்டாருமாக இருந்த வீடுகளுக்கு அது சரி. இன்றைய அடுக்குமாடிக்கு அதை நம்பி மெயின் கேபிள் இழுக்காதே.

டிவி, கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர், எல்இடி விளக்கு எல்லாவற்றுக்குள்ளும் ஏசியை டிசியாக மாற்றும் டயோடுகளும், அடுத்து ஒரு கெப்பாசிட்டரும் இருக்கின்றன. வோல்ட்டேஜ் உச்சிக்கு ஏறும் நேரத்தில் மட்டுமே அந்தக் கெப்பாசிட்டர் கரண்டை இழுக்கும். 10 மில்லிசெகண்ட் அரைச் சுற்றில் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் இழுத்துவிட்டு நின்றுவிடும். ஊரே உச்சியில் இழுப்பதால் வோல்ட்டேஜ் அலையின் தலையும் தட்டையாகிறது. நியூட்ரலில் நடப்பது இன்னும் மோசம். ஒரு பேஸின் கரண்டை மற்ற இரண்டும் ஈடுகட்ட வேண்டுமானால், மூன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இங்கே ஒன்று நின்ற பிறகுதான் அடுத்தது வருகிறது. எதுவும் எதையும் ஈடுகட்டாமல் மூன்றும் நியூட்ரலில் வந்து சேர்கின்றன. லோடு முழுவதும் இப்படிப்பட்டதாக இருந்தால், பேஸுக்கு 40 ஆம்பியர் ஓடும்போது நியூட்ரலில் 69 ஆம்பியர் ஓடும். கம்பி சூடாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே சூடு மூன்று மடங்கு. கம்பியின் கனமும் பாதி என்றால் ஏறக்குறைய ஆறு மடங்கு. டிரிபிள் போல் பிரேக்கர் பேஸ்களை மட்டுமே கண்காணிக்கிறது. நியூட்ரல் வெந்தாலும் அது விழாது.

எந்த வீட்டில் முழு லோடும் எலெக்ட்ரானிக்ஸ், கீசரும் இஸ்திரிப் பெட்டியும் இல்லையா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. 69 என்பது எல்லை, அன்றாடம் அல்ல. ஆனால் இந்தத் துடிப்புக் கரண்டுக்குள் 50 ஹெர்ட்ஸோடு அதன் மூன்று மடங்கான 150 ஹெர்ட்ஸிலும் ஒரு பகுதி ஓடுகிறது; அதுதான் மூன்றாம் ஹார்மோனிக். அது பேஸ் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். மூன்று பேஸின் பங்கும் கூடி, நியூட்ரல் கரண்ட் பேஸ் கரண்டுக்குச் சமமாகிவிடும். சர்வதேச வயரிங் விதியான ஐஇசி 60364 அந்த 33 சதவீதத்துக்கு மேல் போனால் நியூட்ரல் கரண்டை வைத்தே கேபிளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஒன்பது வாட் பல்பா இதையெல்லாம் செய்யும் என்றும் கேட்பார்கள். பல்பைக் குறைசொல்ல மாட்டேன். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேல் எல்இடி பல்புகள் போய்ச் சேர்ந்தன. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் வந்ததால் மொத்தக் கரண்டே குறைந்தது, அது நாட்டுக்குப் பெரிய நன்மை. கவலை, அதன் மேல் வீடுவீடாக ஏறிக்கொண்டிருக்கும் மற்றவை பற்றித்தான். சிறிய சாதனங்களுக்கு ஹார்மோனிக் விதிகள் தளர்வாகவே இருக்கின்றன. தனித்தனியாக ஒவ்வொன்றும் விதிக்குள் அடங்கும்; கூட்டுத்தொகைக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அந்தப் பொறுப்பு கேபிளைத் தேர்ந்தெடுக்கும் உன் கையில்தான் வந்து விழுகிறது.

கட்டட உரிமையாளர் நியூட்ரலும் முழுக் கனமுள்ள நாலு கோர் கேபிளின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பார். நியூட்ரல் எரிந்து அறுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல். லோடு குறைவாக உள்ள பேஸின் வீடுகளுக்கு 230க்குப் பதில் 400ஐ நெருங்கும் வோல்ட்டேஜ் போகும். ஒரே நொடியில் ஃபிரிட்ஜும் டிவியும் போய்விடும். இதற்கு மருந்தாக 'பவர் சேவர்' என்ற கெப்பாசிட்டர் பெட்டியை யாராவது விற்க வந்தால் வாங்கவிடாதே. அது ஹார்மோனிக்கைக் குறைக்காது, சில இடங்களில் கூட்டவும் செய்யும்.

பழைய கட்டடம் என்றால் முதலில் அளந்து பார். ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டர் வேண்டும். மலிவான மீட்டர் இந்தத் துடிப்புக் கரண்டைக் கணிசமாகக் குறைத்தே காட்டும். எல்லார் வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓடும் இரவு நேரத்தில் நியூட்ரலைத் தனியாகக் கவ்விப் பிடித்து, ஆம்பியரோடு ஹெர்ட்ஸையும் பார். 50 காட்டினால் லோடு சமமில்லை, சில வீடுகளை வேறு பேஸுக்கு மாற்றினால் தீரும். 150 காட்டினால் எத்தனை வீடுகளை மாற்றியும் பயனில்லை. கனமான நியூட்ரல்தான் போட வேண்டும். அதுவரை மெயின் போர்டில் நியூட்ரல் லக்குகளை அடிக்கடி சோதித்து முறுக்கி வை.