51 கேம்களுக்குப் பின் பறந்த பறவைகள்

புதிதாகக் கம்ப்யூட்டரோ மொபைல் போனோ வாங்கிய வீடுகளில், முதலில் திறக்கப்படுவது பெரும்பாலும் கேம் தான். கோபக்காரப் பறவைகளைக் கவணில் வைத்து இழுத்து, பச்சைப் பன்றிகள் மீது எய்யும் ஆங்க்ரி பேர்ட்ஸ் விளையாட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதனைத் தயாரித்த ரோவியோ நிறுவனம் வளர்ந்த கதையை இங்கு பார்க்கலாம்.

தொடக்கம்: பின்லாந்து நாட்டில் 2003ல் நடந்த மொபைல் கேம் போட்டி ஒன்றில், ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் வென்றனர். அவர்களில் ஒருவர் நிக்லஸ் ஹெட். அந்த உற்சாகத்தில் மூவரும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். 2005ல் அது ரோவியோ எனப் பெயர் பெற்றது.

சிக்கல் எங்கே?: அந்நாளைய போன்களில் திரையின் அளவும் கீகளின் அமைப்பும் மாடலுக்கு மாடல் மாறும். எனவே ஒரே கேமினைப் பல போன்களுக்கு ஏற்ப மாற்றி அமைக்க வேண்டும். விற்பனையோ மொபைல் சேவை நிறுவனங்களின் கையில் இருந்தது. ரோவியோ பிற நிறுவனங்களுக்கும் கேம் தயாரித்துக் கொடுத்துக் காலம் தள்ளியது. 51 கேம்களை முடித்த பின்னரும், 2009ல் சுமார் 12 ஊழியர்களுடன் திவாலாகும் நிலையில் நின்றது.

திறந்த கதவு: 2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான ஆப் ஸ்டோரைத் திறந்தது. விற்கும் தொகையில் 70 சதவீதம் தயாரித்தவருக்குக் கிடைத்தது. சிறிய நிறுவனமும் உலகச் சந்தையில் கடை விரிக்க முடிந்தது.

52 ஆவது கேமாக, 2009 டிசம்பரில் ஆங்க்ரி பேர்ட்ஸ் வெளியானது. பறவை பறக்கும் வளைவையும், மரக்கட்டைகள் சரியும் விதத்தையும் கணக்கிட, பாக்ஸ்2டி என்ற இலவச இயற்பியல் புரோகிராம் பயன்பட்டது. தன் தாய் இந்த கேமில் மூழ்கி, அடுப்பிலிருந்த கிறிஸ்துமஸ் வான்கோழியைக் கருக விட்டபோதே இது வெற்றி பெறும் எனத் தெரிந்ததாக ஹெட் கூறியுள்ளார்.

முதலில் பின்லாந்து போன்ற சிறிய நாடுகளில் இது முன்னிலை பெற்றது. 2010 பிப்ரவரியில் பிரிட்டன் ஆப் ஸ்டோரின் முகப்பில் இடம் கிடைக்க, அங்கும் முதலிடம் பிடித்தது. பின்னர் உலகெங்கும் பரவியது.

அடுத்த திருப்பம்: சில ஆண்டுகளில் சந்தை மாறியது. கேமினை இலவசமாகத் தந்து, விளையாடும்போது பணம் பெறும் முறை பரவியது. இதற்கு ஈடுகொடுக்கத் திணறிய ரோவியோ, 2014, 2015 ஆண்டுகளில் ஆட்குறைப்பு செய்தது. 2016ல் வெளியான திரைப்படம் கை கொடுத்தது. 2017ல் பங்குச் சந்தையில் நுழைந்தது. 2023ல் ஜப்பானின் செகா நிறுவனம் சுமார் 70 கோடி யூரோவிற்கு இதனை வாங்கியது. தனித்து நின்ற காலம் அத்துடன் முடிந்தது.

நமக்கு என்ன?: இலவச கேமினை இன்ஸ்டால் செய்திடும் முன், ஸ்டோரில் அதன் பெயரின் அருகே, கேமின் உள்ளே பொருட்கள் விற்கப்படும் என்ற குறிப்பு உள்ளதா எனப் பார்க்கவும். குழந்தைகள் பயன்படுத்தும் போன் எனில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி ஸ்டோரின் செட்டிங்ஸ் பிரிவில் அமைத்து விடுங்கள். விளையாட்டு இலவசம் என்றாலும், அதனைத் தயாரித்தவர் எங்கேனும் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும். எங்கே என்று தெரிந்து கொண்டு விளையாடுவது நல்லது.