சுகர் உள்ளவர் வயிறு எரிந்தால்: பரிசோதனை முதல் 14 நாள் மாத்திரை வரை

தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் விடியுமுன்னே மூட்டை இறக்குகிறவரும் சரி, குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவரும் சரி, மருந்துக் கடையில் கேட்பது ஒன்றுதான்: "கேஸுக்கு ஒரு மாத்திரை குடுங்க." கடைக்காரரும் பான்டோபிரசோல் அட்டையில் நாலைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார். எரிச்சல் அடங்கும். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி கிளம்பும். சுகர் இல்லாதவருக்கே இது நல்ல பழக்கம் இல்லை. சுகர் உள்ளவருக்கு ஆபத்தான பழக்கம். ஏனென்றால் அவருடைய வயிற்றுத் தொந்தரவுக்குக் காரணம் நாலைந்து இருக்கலாம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது.

அந்தக் காரணங்களில் அதிகம் கவனிக்கப்படாதது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அல்சர் வருவது காரத்தாலும் கவலையாலும்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. நடுவே 1994-இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை இரைப்பைப் புற்றுநோய்க்கு உறுதியான காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு சுகர் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது. சுகர் உள்ளவர்களிடம் இந்தக் கிருமி சற்று அதிகம் காணப்படுவதாகவும், வழக்கமான மருந்துக்கு அவர்களிடம் அது சற்று முரண்டு பிடிப்பதாகவும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் "கிருமியைக் கொன்றால் சுகரும் இறங்கிவிடும்" என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். அந்த விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

முதலில், இது வயிறுதானா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கேள்வி. நாள்பட்ட சுகர் நரம்புகளை மழுங்கடித்துவிடுவதால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலி வராமல் போகலாம். மேல்வயிற்றில் ஒரு அழுத்தம், ஏப்பம், குமட்டல், திடீர் வியர்வை, மூச்சு வாங்கல் என்றுதான் தெரியும். "வாயு பிடிச்சிருக்கு" என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்து, மருத்துவமனைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதுவரை இல்லாத மாதிரி புதிதாக ஒரு மேல்வயிற்றுத் தொந்தரவு, அதோடு வியர்வையோ மூச்சு வாங்கலோ இருந்தால் 108-ஐக் கூப்பிட்டு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வயிற்றுப் பரிசோதனையெல்லாம் அதற்கப்புறம்.

அதேபோல், விடாத வாந்தியும் வயிற்று வலியும் வந்தால் உடனே சுகர் பாருங்கள். இரத்தத்தில் கீட்டோன் ஏறினாலும் இப்படித்தான் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சுகர் பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஏறிவிடலாம். வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாத நாளில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரத்த வாந்தி, தார் போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, சோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வார்கள், தள்ளிப் போடாதீர்கள்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

அவசரம் எதுவும் இல்லை என்றானபிறகு, வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு தேடி வந்த சுகர், பிரஷர் மாத்திரைகள், தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்தவை, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கியது, நாட்டு மருந்துப் பொட்டலம், எல்லாமே.

மெட்பார்மினே சிலருக்குக் குமட்டலும் வயிற்றோட்டமும் தரும்; சாப்பாட்டோடு எடுத்தாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். செமாக்ளூடைடு வகை ஊசிகள் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். இதயத்துக்கென்று தினமும் ஆஸ்பிரின், அதன்மேல் முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக், உள்ளே கிருமி என்று மூன்றும் சேர்ந்தால் புண் ஆழமாகி இரத்தம் கசியும் வாய்ப்பு அதிகம். நாளெல்லாம் தறியில் குனிந்திருப்பவர் வலி மாத்திரையைச் சொல்லாமல் விடுவதுண்டு. "அதெல்லாம் எப்பவாவதுதான்" என்பார். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்று, சுகரே இரைப்பை நரம்பைத் தளர்த்திவிடுவது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிரம்பிவிடும்; முந்தின ராத்திரிச் சாப்பாடு காலையில் வாந்தியில் வரும்; இன்சுலின் போட்டதும் சுகர் தாழ்ந்து, பல மணி நேரம் கழித்துத் தூக்கும். இந்தக் கதை உங்களுடையது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். கிருமி மருந்து இதைத் தீர்க்காது.

பரிசோதனைக்கு முன் நிறுத்த வேண்டியது

கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி என்று மூன்று வழி. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை மலிவு. ஆனால் எப்போதோ வந்துபோன கிருமிக்கும் அது "உண்டு" என்று காட்டும். அதை வைத்து மருந்து தொடங்க வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ராபிப்ரசோல் வகை மாத்திரைகளை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் என்றால் 4 வாரம். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் "இல்லை" என்று ரிப்போர்ட் வரும். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் எரிச்சலோடு இருப்பவர்கள் உண்டு. அந்த இரண்டு வாரம் எரிச்சலுக்கு எதை எடுக்கலாம் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தப்போக்கு வந்த வரலாறு உள்ளவர்கள் தானாக எதையும் நிறுத்தக் கூடாது.

எண்டோஸ்கோப்பி என்றால் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். அன்று காலை சுகர் மாத்திரையும் இன்சுலினும் எவ்வளவு, எப்போது என்பதை முந்தின நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டினியில் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிட்டு வரிசையில் உட்கார்ந்து மயங்கி விழுவது தேவையில்லாத வினை. குழாய் வழியாக இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த சிறு துணுக்கை மஞ்சள் நிறப் பசையில் வைப்பார்கள். கிருமி இருந்தால் மஞ்சள் ரோஸ் நிறமாக மாறும். யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கும் நொதி கிருமியிடம் இருக்கிறது; பசையில் நிறத்தை மாற்றுவது அந்த அமோனியாதான். அத்தனை அமிலத்துக்கு நடுவே கிருமி பிழைத்துக் கிடப்பதும் அதை வைத்துத்தான்.

அந்த 14 நாள்

கிருமி உறுதியானால் அமிலம் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாட்டிக், பெரும்பாலும் பிஸ்மத்தும் சேர்த்து 14 நாள். அஞ்சாம் நாளே எரிச்சல் போய்விடலாம்; அத்தோடு நிறுத்தினால் பிழைத்த கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாமல் போகலாம். நம் நாட்டில் மெட்ரோனிடசோலுக்கு இந்தக் கிருமி ஏற்கெனவே நிறையப் பழகிவிட்டது.

சுகர் உள்ளவர் கவனிக்க வேண்டியது மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதை. கிளாரித்ரோமைசின் எழுதியிருந்தால், அது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டி சுகரைச் சடாரென்று இறக்கிவிடலாம். அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம். அம்லோடிபினோடு சேர்ந்தால் பிரஷர் விழலாம். லீவோஃப்ளாக்சசின் சுகரை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். கிரியாட்டினின் கூடியிருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். பென்சிலின் ஒவ்வாமையையும் அப்படியே.

மெட்ரோனிடசோல் நாக்கில் உலோகச் சுவை தரும், சாப்பாடு இறங்காது. சாப்பாடு குறைந்து சுகர் மாத்திரை மட்டும் குறையாவிட்டால் தாழ்சர்க்கரைதான். ஆகவே இந்த இரண்டு வாரமும் வீட்டு மீட்டரில் தினம் இரண்டு வேளையாவது பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். ஒரு பாக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையிலோ தறிக்குப் பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். டெட்ராசைக்ளின் இருந்தால் பாலோடும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடும் சேர்க்காதீர்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காதீர்கள். கும்பகோணம் காப்பிக்கு அருகே இந்த மாத்திரையைக் கொண்டுபோகவே கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். மெட்ரோனிடசோல் ஓடும்போதும் முடிந்து மூன்று நாள் வரையிலும் மது கூடவே கூடாது. பிஸ்மத்தால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் பிசுபிசுப்பும் நாற்றமும் தலைசுற்றலும் சேர்ந்தால் அது இரத்தம்.

சாப்பாட்டு விஷயத்தில் கடுமையான பத்தியம் எதுவும் தேவையில்லை. காரமும் காப்பியும் கிருமியை வரவழைப்பதில்லை, எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான். வேளை தவறாமல், கொஞ்சம் கொஞ்சமாக. "வயித்துப் புண்ணுக்கு நல்லது" என்று கஞ்சியாகவே குடித்தால் சுகர் ஏறும். கஞ்சியோடு பயறு, காய், மோர் சேருங்கள். புகையிலை போட்ட வெற்றிலையையும் விட்டுவிடுங்கள்.

முடிந்தபிறகு

எரிச்சல் போனதை வைத்துக் கிருமி போனதாகக் கணக்குப் போடக் கூடாது. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அமிலக் குறைப்பு மாத்திரையை மறுபடி 2 வாரம் நிறுத்தி, மூச்சு அல்லது மலப் பரிசோதனை. இன்னும் இருந்தால் வேறு மருந்துக் கூட்டணி. பழைய சீட்டையே மறுபடி கடையில் நீட்டாதீர்கள்.

அதே சமயம் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். பல வருட மெட்பார்மின், பல வருட பான்டோபிரசோல், நாள்பட்ட இரைப்பை அழற்சி மூன்றுமே பி12-ஐக் குறைக்கும். கால் மரத்துப்போவதை எல்லோரும் சுகர் நரம்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். அதில் ஒரு பங்கு பி12 குறைவால் வந்ததாக இருந்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்துவிடலாம்.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே வாய்க்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. பேரனுக்குச் சோற்றை மென்று ஊட்டுகிற பாட்டியிடம் அதைப் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அல்சரோ, இரைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கும் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார்.