துணைக்கும் ஒரு துணை

இல்லறம் என்பது இருவர் இணைந்து நடக்கும் நெடும்பயணம். மணநாளில் அக்கினி சாட்சியாகக் கைத்தலம் பற்றி ஏழடி நடக்கையில், இன்பத்தில் மட்டுமன்றித் துன்பத்திலும் உடன் வருவேன் என்னும் உறுதி அந்நடையினுள் அடங்கியிருக்கிறது. அவ்வுறுதியின் முழுப்பொருளும் மணவறையில் விளங்கிவிடுவதில்லை. பல்லாண்டுகள் கழிந்து, இருவருள் ஒருவர் தீராப் பிணியில் வீழ, மற்றவர் அக்கட்டிலின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும்போதுதான் அது விளங்குகிறது.

புற்றுநோய் முற்றிவிட்டது, இனிக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்று மருத்துவர் உரைக்கும் நாளில் அவ்வீட்டில் நோயுறுவோர் ஒருவர் அல்லர், இருவர். ஒருவருக்கு உடல் நோகிறது. மற்றவருக்கு உள்ளம் நோகிறது. முன்னவரை நலம் விசாரிக்கப் பலர் வருவர். பின்னவரை விசாரிப்பார் அரியர். துணையாய் நிற்பவருக்கும் ஒரு துணை வேண்டும் என்பது பெரிதும் சிந்திக்கத்தக்கது.

ஓர் இல்லத்தின் நிலை

காவிரிக் கரையில் ஓர் ஊரை எண்ணிப் பார்க்கலாம். அங்கே பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவர்தம் மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய். கண்டறியப்பட்டபோதே வயிறெங்கும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து ஓராண்டிற்குள் நோய் மீண்டும் தலைதூக்கியது. "இனி வீட்டிலேயே வைத்து, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொன்னதை ஆசிரியர் மனைவியிடம் சொல்லவில்லை. "சத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள், சரியாகிவிடும்" என்றார். அந்த அம்மையாரும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

அன்று முதல் அவ்வீட்டில் இருவரும் ஒருவர்க்கொருவர் நடிக்கலாயினர். ஆசிரியர் இரவில் உறங்குவதில்லை. நாள்தோறும் சென்ற கோயிலுக்கும் செல்வதில்லை. வந்த உறவினருள் ஒருவர் ஜோதிடம் பார்க்கச் சொன்னார். ஒருவர் நாட்டு மருந்து சொன்னார். ஒருவர், "எந்தப் பிறவியில் செய்த வினையோ" என்று பெருமூச்சு விட்டார். அச்சொல் நோயாளியின் செவியிலும் விழுந்தது. வினையை அளந்து சொல்லும் உரிமை மனிதர் எவருக்கும் இல்லை. துன்புறுவோர் வாசலில் அத்தகைய சொல்லைக் கொண்டு வைப்பது அறமாகாது.

நோய் தீராவிடினும் வலி தணியும்

'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்பது பிழையான சொல். குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியைத் தணிக்கவும், மூச்சுத்திணறல், குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றைக் குறைக்கவும் வழிகள் உண்டு. செவிலியாகவும் பின்னர் மருத்துவராகவும் விளங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இதற்கெனவே 1967-ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். நோயாளியின் வலி உடலளவில் நிற்பதன்று. மனமும் குடும்பமும் ஆன்மாவும் கலந்த முழுமையான வலி அது என்பதை அவர் மருத்துவ உலகிற்கு உணர்த்தினார்.

1986-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை வகுத்தளித்தது. எளிய வலி மாத்திரையில் தொடங்கி, வலி கடுமையாகும்போது மார்ஃபின் வரை செல்வது அம்முறை. போதைப்பொருள் என்னும் அச்சத்தால் பலர் மார்ஃபினை மறுத்துவிடுகின்றனர். மருத்துவரின் மேற்பார்வையில், வலிக்குரிய அளவில், குறித்த நேரத்தில் உட்கொள்ளும் நோயாளி அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் உண்டாகும் ஆதலின் அதற்குரிய மருந்தும் உடன் தரப்படும். வலி வந்த பின் தேடுவதைவிட, வலி வருமுன் வேளை தவறாது கொடுப்பதே சிறந்த முறை.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் இம்மருந்தைப் பெறுவதில் இருந்த இடர்ப்பாடுகளை 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் எளிதாக்கியது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டு தொடங்கிய அமைப்பு ஒன்று, அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகப் பயிற்றுவித்து வீடு தேடிச் செல்லும் முறைக்கு வழிகாட்டியது. தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், படுக்கையில் உள்ளோர்க்கு வலி நிவாரண, ஆதரவுச் சேவை வீட்டிலேயே வழங்க இடமளிக்கப்பட்டது.

பேணுவோரைப் போற்றிய கல்வெட்டு

நோயாளரைப் பேணுவோரையும் நினைவிற் கொள்வது தமிழகத் திருக்கோயில்களுக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்திற்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் பெருமாள் திருக்கோயில் உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு அங்கே காணப்படுகிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றை அது குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர் ஆகியோரோடு, நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் ஊதியம் அதில் வகுக்கப்பட்டுள்ளது. மருந்து எத்துணை இன்றியமையாததோ, அதனைக் கொடுக்கும் கையும் அத்துணை இன்றியமையாதது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

திருநாவுக்கரசரின் வரலாற்றில் அவர்தம் தமக்கையார் திலகவதியார் பெறும் இடமும் எண்ணத்தக்கது. பெற்றோரை இழந்தவர், மணம் பேசப்பட்ட கலிப்பகையாரைப் போரில் இழந்தவர், தம்பிக்காகவே உயிர் தாங்கியவர். சூலை நோயால் துடித்துவந்த தம்பியை ஏற்றுத் திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றவர் அவரே. பேணுபவர் துயரற்றவர் அல்லர். தம் துயரையும் சுமந்தவாறே பிறர் துயரைச் சுமப்பவர் என்பதற்கு அவர் சான்று.

புங்கமரத்தடியில் ஒரு கூட்டம்

அந்த ஆசிரியர் மாத்திரை வாங்குவதற்காக இரு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்வார். பெயர் அழைக்கப்படும்வரை அங்குள்ள புங்கமரத்தடி மேடையில் அமர்ந்திருப்பது வழக்கம். அங்கே வேறு சிலரும் காத்திருப்பர். கணவருக்கு வாய்ப்புற்று என்று வந்த பூக்காரப் பெண்மணி ஒருவர், மனைவியின் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த இளைஞர் ஒருவர், மூதாட்டி ஒருவர்.

முதலில் அவர்கள் பேசிக்கொண்டவை சிறு செய்திகளே. படுக்கைப் புண் வாராதிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது. வறண்ட உதடுகளை ஈரத்துணியால் ஒற்றுவது. பசியற்றவரை வற்புறுத்தாமல், கேட்கும்போது ஒரு கரண்டி கஞ்சி கொடுப்பது. இவற்றையெல்லாம் நாள்தோறும் செய்துவருவோர் வாயிலாகக் கேட்டபோது ஆசிரியருக்குத் தெளிவு பிறந்தது.

ஒருநாள் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பூக்காரப் பெண்மணி, "என்னய்யா, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லையா?" என்று வினவினார். அவர் குரல் தழுதழுக்கச் சொன்னார்: "நேற்று இரவு ஒரு பாவம் செய்துவிட்டேன் அம்மா. அவள் முனகல் தாங்காமல், சீக்கிரம் அழைத்துக்கொள் என்று சுவாமியிடம் வேண்டிவிட்டேன். நாற்பது வருஷம் எனக்குச் சோறு போட்டவள்."

அந்தப் பெண்மணி சற்றும் திகைக்கவில்லை. "நானும் வேண்டியிருக்கிறேன் ஐயா, எத்தனையோ தடவை. அவர் போக வேண்டும் என்றா வேண்டினேன்? அவர் படுகிற பாடு போக வேண்டும் என்றுதானே வேண்டினேன். சுவாமிக்கு அது தெரியாதா?" என்றார். அருகிருந்த இளைஞர் தலைகுனிந்து, "நானும்தான்" என்றார். மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் ஆசிரியரின் தோளைத் தொட்டார். பின்பு அப்பெண்மணியே, "முனகுகிறார்கள் என்றால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம் ஐயா. டாக்டரிடம் சொல்லுங்கள்" என்றும் நினைவூட்டினார்.

அறிவுரை கூறவந்தோர் எவராலும் தரவியலாத ஆறுதலை அன்று அவர் பெற்றார். மேலிருந்து கீழ்நோக்கி வரும் ஆறுதல் வேறு. ஒரே சுமையைத் தாங்குவோர் பக்கத்தில் நின்று தரும் ஆறுதல் வேறு. அடியார் கூட்டத்தை நாடிச் சேர்வதைப் பெரும்பேறாக அருளாளர்கள் போற்றியதன் உட்பொருளும் இதுவே.

திரை விலகியது

மருத்துவர் மருந்தின் அளவைத் திருத்தினார். வலி அடங்கிய ஒரு மாலையில் ஆசிரியர் மனைவியின் அருகமர்ந்து, மறைத்ததைச் சொல்ல முற்பட்டார். அம்மையார் குறுக்கிட்டார்: "எனக்குத் தெரியாதா? அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தீர்களே, அப்போதே தெரியும். நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்றுதான் நான் கேட்கவில்லை."

இருவரும் அழுதனர். அழுது முடிந்தபின் அம்மையார் கேட்டது ஒன்றே: "நீங்கள் ரசம் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்." மறுநாள் முதல் அவர் படுக்கையிலிருந்தே புளியின் அளவும் மிளகின் அளவும் சொல்ல, ஆசிரியர் அடுப்படியில் நின்று செய்தார். முதல் நாள் புளி மிகுந்து வாயில் வைக்க இயலவில்லை. அம்மையார் பல நாள்களுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு ஓய்வே வேண்டும் என்று கணவர் எண்ணியிருந்தார். அவரோ, இறுதிவரை அவ்வீட்டின் தலைவியாக இருக்கவே விரும்பினார். எஞ்சிய ஏழு வாரங்களும் அங்ஙனமே கழிந்தன. ஒரு விடியற்காலையில், கணவரின் கை தம் கைமீதிருக்க, அம்மையார் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

பதினாறாம் நாள் கழிந்தபின் ஆசிரியர் எஞ்சிய மாத்திரைகளைத் திருப்பித் தருவதற்காக மருத்துவமனைக்குச் சென்றார். ஒப்படைத்துவிட்டு உடனே திரும்பவே எண்ணியிருந்தார். புங்கமரத்தடியில், கையில் மருத்துவச் சீட்டுடன், எங்கே நிற்பது என்று அறியாமல் புதியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆசிரியர் மேடையில் சற்று நகர்ந்து இடம்விட்டு, "உட்காருங்கள் தம்பி, கூப்பிட நேரமாகும்" என்றார்.

அன்பர்கள் கடைப்பிடிக்கத்தக்கவை

பேணுவோர் தம் உணவையும் உறக்கத்தையும் துறப்பது தியாகமன்று. விளக்கைக் காக்க எண்ணெயும் காக்கப்பட வேண்டும். களைப்பும் சினமும் அன்பின்மையின் அடையாளங்கள் அல்ல. அவற்றை ஒத்தாரிடம் மனம்விட்டு உரைப்பது நலம். ஒருவருக்கு ஒத்த மருந்து மற்றவருக்கு ஒவ்வாது. மருந்தை மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

அண்டை அயலார், "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று கூறி அகல்வதினும், ஒருவேளை உணவைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், இரண்டு மணிநேரம் நோயாளியின் அருகிருந்து துணைவரை உறங்கச் செய்வதும் மேலான உதவிகள். ஆலய வழிபாட்டிற்கு நெடுநாள் வாராத ஒருவரைக் கண்டால், வாராமைக்குக் குறைகூறாது, வீடு தேடிச் சென்று பிரசாதம் அளித்து, சற்று நேரம் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டு வருதல் பெரும் புண்ணியம்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் துயரமே, 1954-ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றுவதற்கு வித்தாயிற்று. அத்துணைப் பெரிய பணி எல்லார்க்கும் இயலாதாயினும், மரத்தடி மேடையில் சற்று நகர்ந்து ஒருவருக்கு இடம் கொடுத்தல் எவர்க்கும் இயலும். துணையாய் நிற்போர்க்குத் துணையாய் நிற்கும் நெஞ்சினை, தாயினும் பரிவுடைய இறைவன் அனைவர்க்கும் அருள்வானாக.