வைட்டமின் ‘டி’யும் குழந்தையின் மூச்சும்

வைட்டமின் ‘டி’ குறைந்தால் ரிக்கெட்ஸ் நோய் வரும் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். அச்சத்துக்கும் சளி, நிமோனியா முதலிய மூச்சு நோய்களுக்கும் என்ன தொடர்பு?

கதிரவனின் புறஊதாக் கதிர்கள் தோலில் படுவதால் இச்சத்து உண்டாகிறது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்ற பின்னரே பயன்படுகிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேர இது வேண்டும். ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைக்கு விலா எலும்புகள் மென்மையாவதால் மூச்சு தளர்கிறது. கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்களுக்கும் இச்சத்து துணைபுரிகிறது. ஆகவே, இதை மருந்தாகக் கொடுத்து நிமோனியாவைத் தடுக்கலாமே என மருத்துவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆப்கானிஸ்தானின் காபூல் நகரில் இதைச் சோதித்தார்கள். அங்கே குளிர் கடுமையானது, நிமோனியாவும் மிகுதி. ஒரு வயது நிரம்பாத 3,046 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறை 1,00,000 யூனிட் வைட்டமின். மற்றதற்கு அதே போலத் தோன்றும் மருந்தற்ற திரவம். எந்தக் குழந்தைக்கு எது என்பது தாய்க்குத் தெரியாது. பதினெட்டு மாதம் கவனித்தும் இரு பிரிவிலும் நிமோனியா ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தது. இம்முடிவு 2012-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று.

மங்கோலியத் தலைநகரில் 2009 குளிர்காலத்தில் வேறு விதமாகச் செய்தனர். இரத்தத்தில் இச்சத்து மிகக் குறைவாயிருந்த பள்ளிச் சிறுவர்க்கு நாள்தோறும் 300 யூனிட் கலந்த பால் கொடுத்தனர். அவர்களுக்குச் சளித்தொல்லை பாதியளவே வந்தது! (அவர்கள் கைக்குழந்தைகள் அல்லர் என்பதையும் நினைவில் கொள்வோம்.) கனடாவின் டொரான்டோவிலோ, நாளொன்றுக்கு 2,000 யூனிட் பெற்ற சிறு குழந்தைகளுக்கும் 400 யூனிட் பெற்றவர்களுக்கும் குளிர்காலச் சளியில் வேறுபாடே இல்லை என்று 2017-இல் தெரிந்தது.

பற்றாக்குறையை அன்றாடம் சிறிது சிறிதாக நிரப்பினால் பலன் கிடைக்கக்கூடும். நிறைந்த குடத்தில் ஊற்றுவது வீண் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. வீண் மட்டுமன்று, அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடி, வாந்தி உண்டாகும், சிறுநீரகமும் கெடும். எனவே கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

வீட்டிலுள்ள தம்பி, தங்கைக்கு இருமலோடு மூச்சு வாங்கினால் மருந்துப் புட்டியைத் தேட வேண்டாம். குழந்தை அழாதிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவோம். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.