பொம்மையும் பொறியும்

மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலத்திற்கு முதுகுன்றம் என்பது பழம்பெயர். பழமலைநாதர் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர், பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் நிலையமும் இங்கு உண்டு. களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து அச்சில் வார்ப்பர்; உலர்ந்தபின் சூளையிலிட்டுச் சுடுவர். அதுவரை அது வெறும் மண்ணுருவமே. வண்ணந் தீட்டுவோர் கண்களை எழுதி முடித்ததும், அது நம்மை நோக்குவதுபோலத் தோன்றும். அப்பொம்மையைப் பெற்ற சிறுமி அதற்குப் பெயரிடுவாள், சோறூட்டுவாள், அழுவதாக எண்ணித் தேற்றவும் செய்வாள். பொம்மை அழாது என்பதை அவள் அறியாதவள் அல்லள்.

அறிந்தும் அவள் அவ்வாறு செய்வது ஏன்? இவ்வினாவை வளர்ந்தவர்களைக் குறித்தும் எழுப்பும் ஆராய்ச்சித் துறை ஒன்று இன்று உள்ளது. செயற்கை நுண்ணறிவோடும் ரோபோக்களோடும் மக்கள் எவ்வாறு பழகுகின்றனர் என்பதே அதன் பொருள். பொறியை ஆக்குவோர் பொறியை நோக்குவர். இத்துறையினரோ அதன் எதிரே நிற்கும் மனிதரை நோக்குவர்.

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்தவர் ஜோசப் வைசன்பாம். அவர் எலிசா என்னும் கணினி நிரலை அமைத்து, 1966இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஒருவர் தட்டச்சு செய்யும் சொற்களைப் பற்றிக்கொண்டு, அவற்றையே வினாவாகத் திருப்பி விடுப்பது அந்நிரல். தாயைப் பற்றி எழுதினால், குடும்பத்தைப் பற்றி மேலும் கூறுமாறு கேட்கும். பொருள் உணர்ந்து கேட்பதன்று. சொல்லுக்குச் சொல் பொருத்தும் வித்தை, அவ்வளவே. வைசன்பாமின் செயலாளர் அந்நிரல் உருவானதைப் பல மாதங்கள் உடனிருந்து கண்டவர். எனினும், ஒருநாள் அதனோடு சிறிது உரையாடியதும், தம்மைத் தனியே விட்டு அறையினின்று வெளியேறுமாறு அவரையே வேண்டினார்! மனநோய் மருத்துவர் சிலரும் அதனை நோயாளர்க்குப் பயன்படுத்தலாம் எனக் கருதினர். வைசன்பாம் மகிழவில்லை, திடுக்கிட்டார். கணினியிடம் ஒப்படைக்கலாகாத பணிகளும் உண்டென வற்புறுத்தி 1976இல் ஒரு நூலே எழுதினார். தம் படைப்பின் வெற்றி கண்டு அஞ்சிய அறிஞர் மிகச் சிலரே.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்துள்ளது. அய்யம்பதி என்னும் சிற்றூரில், தண்ணீர் சுமக்கும் ரோபோ ஒன்றை அமிர்தா பல்கலைக்கழகத்தாரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தாரும் ஊரார்முன் இயக்கிக் காட்டினர். ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. அந்த ரோபோவிற்கு முகமில்லை, கையில்லை. நான்கு சக்கரங்களே உண்டு. எழுதிய கண்கூட இல்லாத அதனை ஊராரிற் பலர் உயிருள்ளதாகவே கருதினர்.

இது சிரித்துவிட்டுப் போகத்தக்க செய்தி அன்று. தண்ணீர் சுமந்து தோள் நொந்தவர்க்கு அத்தகைய பொறி பெருந்துணை. ஆனால், அதனை உயிருள்ளதாக எண்ணுவோர், குறுக்கே குழந்தை ஓடினால் அது தானே கண்டு நின்றுவிடும் என்றும் நம்பக்கூடும். ஆதலின், பொறி எத்தனைக் குடம் சுமக்கும் என்று அளப்பதோடு நில்லாமல், ஆராய்ச்சியாளர் ஊராரிடம் அமர்ந்து, அதனை யாதென எண்ணுகின்றீர் எனவும் கேட்கின்றனர்.