பரிசு ஒண்ணுக்கு, ஆர்டர் இன்னொண்ணுக்கு

அல் கோபார்ல நான் எழுதின சிஸ்டத்தைப் பாராட்டி க்ளையன்ட் மெயில் அனுப்பினாங்க. அடுத்த வாரமே அதைத் தூக்கிட்டு ரெடிமேட் சாஃப்ட்வேர் வாங்கப் போறதா முடிவு! எபிசோடில் சொன்ன பெஸ்ம்-6 கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

செர்கேய் லெபெதேவ் குழு உருவாக்கிய அந்தக் கம்ப்யூட்டர் நொடிக்குச் சுமார் 10 லட்சம் கணக்கு போடும். 1969-இல் சோவியத் அரசுப் பரிசு கிடைத்தது. அதே காலத்தில்தான் அரசு, ஐபிஎம் 360-ஐ நகலெடுத்து இ.எஸ். வரிசை மெஷின்களைச் செய்ய முடிவெடுத்தது. காரணம் சாஃப்ட்வேர்: ஐபிஎம்முக்கு எழுதினது ஏற்கெனவே குவிஞ்சு கிடந்தது, அப்படியே ஓட்டிக்கலாம். (மேனேஜர் கணக்கு, தப்புன்னு சொல்ல முடியல.) காலம் முழுக்க அசலுக்குப் பின்னாலேயே ஓடணும் என்று லெபெதேவ் எதிர்த்தார், எடுபடவில்லை.

1970-களில் மும்பை ஐஐடிக்கு வந்த சோவியத் மெஷினும் அந்த நகல் வரிசைதான், இ.எஸ்.-1030. பெஸ்ம்-6 தயாரிப்போ 1987 வரை நிற்கவில்லை.