போகமும் உபபோகமும்

இல்லறத்தாராகிய சிராவகர் மேற்கொள்ளும் குணவிரதங்களுள் ஒன்று போகோபபோக பரிமாண விரதம். ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகப் பொருள், உணவு அத்தகையது. மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகப் பொருள்; ஆடை அத்தகையது. இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்ளுமாறு ஸ்ரீ சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அறிவுறுத்துகிறார்.

இவ்விரு வகையிலும் அடங்காத பொருளொன்று இன்று நம் இல்லங்களில் நிறைந்துள்ளது. அது ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பை. போகப் பொருளைப்போல் அதனை ஒருமுறையே பயன்படுத்துகிறோம். ஆனால் அது தீர்வதில்லை. தலைமுறைகள் கடந்தும் மக்காமல் கிடக்கிறது.

செங்கற்பட்டுக் கடைத்தெருவில் எறியப்படும் பை, மழைநீரோடு ஓடையிலும் பாலாற்றிலும் இறங்கிக் கடலை அடையக்கூடும். மாமல்லபுரக் கடற்கரையில் ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமைகள் கரையேறி, குழிக்கு ஏறத்தாழ 100 முட்டைகள் இடுகின்றன. 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டு மாவட்டக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மூச்சுவிட மேலெழ இயலாமல் மடிவதே இத்தகைய இறப்புக்குப் பெருங்காரணம். மீன் உண்ணாத நமக்கு அவ்வலையில் பங்கில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் மிதக்கும் பையைச் சொறிமீன் என்று மயங்கி விழுங்கும் ஆமை, அது யார் வீட்டுப் பை என்று அறியாது. எஞ்சிய உணவை முடிந்தெறிந்த பையோடு தின்னும் பசுவின் வயிற்றிலும் அதுவே அடைத்துக்கொள்கிறது.

சிற்றுயிருக்கும் ஊறு நேராதிருக்க நீரைத் துணியால் வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். தேவையின்றி விளையும் தீங்கினை விலக்குவது அநர்த்த தண்ட விரதம். சில நிமிட வசதிக்காக நேரும் இத்தீங்கும் அதனுள் அடங்கும் என்றே கருதுகிறோம்.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஆயினும் நாம் வெறுங்கையோடு கடைக்குச் சென்றால் கடைக்காரரிடம் பை கேட்கத்தான் நேரும்.

எனவே இல்லந்தோறும் கடைப்பிடிக்கத்தக்கவை சில:

1. கடைக்குத் துணிப்பையும், எண்ணெய்க்குத் தூக்கும் கொண்டு செல்லுதல்.

2. மாவு, பருப்பு, தானியங்களைத் தேவைக்கு மட்டும் வாங்குதல். நெடுநாள் இருப்பில் வண்டும் புழுவும் தோன்றும். பின் அவற்றை அகற்றுவதில் உயிர்வதை நேரும்.

3. ஆலய விழாக்களில் வாழையிலை அல்லது தையல் இலையில் உணவளித்தல். நீர் வழங்க எவர்சில்வர் குவளைகளை வைத்தல். காகிதக் குவளைகள் பலவற்றின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூச்சு உண்டு என்பதை மறத்தலாகாது.

4. எஞ்சிய உணவைப் பையில் முடியாது இடுதல்.

அளவு வகுத்தலை ஆசாரியர் இருவகையாகக் கூறுவார்: காலவரையறையோடு ஏற்பது நியமம்; வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். அனைத்தையும் ஒரே நாளில் துறத்தல் அரிது. ஆதலின் இவ்விதழ் கிடைத்த நாள் முதல் அடுத்த இதழ் வரும் வரை, மூன்று திங்களுக்கு, பிளாஸ்டிக் பை ஒன்றையேனும் விலக்கி நியமம் ஏற்போமாக. கைவந்தபின் அதனை யமமாக்கிக்கொள்ளுதல் எளிது.